குளத்தில் செத்த மீன் ஏன் கல்லாவதில்லை?

ஆவணி, புரட்டாதியில் வன்னிக் குளமொன்றின் அலைகரையில் இறங்கினால், மாரி முழுக்க அங்கே வாழ்ந்தவற்றில் மிஞ்சியது எவ்வளவு என்று தெரியும். நாலைந்து திலாப்பியா முள், நத்தைக் கூடு, ஓர் ஆமை ஓடு, வெடித்த சேற்றில் மாட்டுக் குளம்படி. தும்பிக் குடம்பிக்கும் தவளைக்கும் ஆம்பல் பூவுக்கும் ஒரு தடயமும் இல்லை. அடுத்த மழைக்குப் பிறகு அந்த முள்ளும் இராது.

சேற்றில் புதைந்த எதுவும் காலப்போக்கில் கல்லாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாடப்புத்தகப் படம் செய்த வேலை அது. சேறு மட்டும் போதுமென்றால் கட்டுக்கரை போன்ற பழங்குளங்களின் அடி வண்டலில் விரால்கள் அடுக்கடுக்காகக் கிடந்திருக்க வேண்டும். உண்மையில் நம்முடைய குளம் சடலத்தை அழிப்பதில் கெட்டிக்காரக் குளம். ஆழம் குறைவு என்பதால் சோளகம் வீசும்போது அடிமண் வரை தண்ணீர் கலங்குகிறது. கலங்கும் தண்ணீரோடு ஒட்சிசனும் அடிக்குப் போகிறது. ஒட்சிசன் போகும் இடமெல்லாம் புழுவும் கெளுத்தியும் பற்றீரியாவும் போகின்றன. தப்பியதைக் கோடை பார்த்துக்கொள்கிறது: சேறு வெடிக்க, வெடிப்பினூடே காற்று இறங்கி, மிச்ச உயிர்ப்பொருளையும் எரித்துத் தீர்த்துவிடும்.

அப்படியானால் தோலும் மயிரும் வயிற்றுச் சாப்பாடும் கெடாமல் கல்லான உயிர்ச்சுவடுகள் எங்கிருந்து வருகின்றன? அடியில் எதுவும் வாழ முடியாத ஏரிகளிலிருந்துதான்.

ஜெர்மனியின் டாம்ஸ்டாட் நகருக்குக் கிட்ட இருக்கும் மெசல் குழி அதற்குப் பேர்போன இடம். ஏறத்தாழ 4.8 கோடி வருடங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததில் உண்டான பள்ளம். பிறகு தண்ணீர் நிறைந்து ஆழமான ஏரியானது. சுற்றிவர உயர்ந்த கரை, காற்று கலக்க வழியில்லை. மேல்நீரில் உயிர்கள் வாழ, அடிநீர் ஒட்சிசன் இன்றிக் கிடந்தது. அங்கே போய் விழுந்த வௌவாலையோ குட்டிக் குதிரையையோ கடித்துச் சிதறடிக்க எதுவும் இல்லை. ஒட்சிசன் தேவையில்லாத பற்றீரியாக்கள் மட்டும் தோலின்மேல் படர்ந்தன. அவை வெளிவிட்ட காபனீரொட்சைட்டும் நீரிலிருந்த இரும்பும் சேர்ந்து இரும்புக் காபனேற்றாக அவற்றின் மேலேயே படிந்தன. தின்ன வந்தவையே கல்லாகி, தின்னப்பட்ட உடலின் வடிவத்தைக் காத்துத் தந்தன என்று சொல்லலாம். மெசல் சுவடுகளில் காதுமடலும் மயிர் ஓரமும் கருநிழலாகத் தெரிவது இதனால்.

அங்கே கிடைத்த ஆமைகளில் 9 சோடிகள் இணைசேர்ந்த நிலையிலேயே கல்லானவை. மேல்நீரில் தொடங்கி, பிடியை விடாமல் தாழ்ந்து, நச்சு நீர்ப்படைக்குள் போய்விட்டன என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். இந்தச் சுவடுகளை வெளியே எடுப்பதும் இலேசில்லை. அவை கிடக்கும் எண்ணெய்க் கல்லில் ஏறத்தாழ 40 வீதம் தண்ணீர். வெயில் பட்டால் உலர்ந்து சிதறிவிடும். ஆகவே ஈரம் காயுமுன் ஒரு பக்கத்தைச் சுத்தப்படுத்தி, பிசின் ஊற்றி இறுக்கி, திருப்பிப் போட்டு மறுபக்கத்துக் கல்லைச் சுரண்டி எடுக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவுஸ்திரேலியாவில் சுவடுகள் கிடைக்கும் மக்ராத்ஸ் பிளாட் என்ற இடம். வன்னியில் இருப்பவருக்கு அதன் இரசாயனம் வீட்டு முற்றத்திலேயே பழக்கம். இரும்பு கூடிய குழாய்க்கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் இறைத்து வையுங்கள். இறைத்தவுடன் கண்ணாடிபோலத் தெளிவு. விடியப் பார்த்தால் அடியில் செம்மஞ்சள் மண்டி, மேலே மினுங்கும் மெல்லிய ஆடை. நிலத்தடியில் ஒட்சிசன் இல்லாததால் கரைந்து கிடந்த இரும்பு, காற்றைக் கண்டதும் துருவாகிப் படிகிறது.

நியூ சவுத் வேல்ஸில் கல்கொங் ஊருக்குக் கிட்ட 1.1 முதல் 1.6 கோடி வருடங்களுக்கு முன் இதுதான் பெரிய அளவில் நடந்தது. சுற்றியிருந்த எரிமலைப் பாறை உக்கியதில் வந்த இரும்பு, ஆறு கைவிட்டுப் போன ஒரு மடுவுக்குள் நிலத்தடி நீரோடு ஊறி வந்து, கோதைட்டு என்ற இரும்புக் கனிமமாகப் படிந்தது. துணிக்கை ஒவ்வொன்றும் 0.005 மில்லிமீற்றர் அளவுதான். மணல் புகாத இடுக்குக்குள் அது புகும். சிலந்தியின் காலில் உள்ள மயிர், தலையில் மகரந்தம் ஒட்டிய குளவியினப் பூச்சி, வயிற்றில் கொசுவினக் குடம்பிகளோடு மீன் எல்லாம் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரிகின்றன. ஒரு மீனின் வாலில் நன்னீர் மட்டியின் குடம்பி ஒட்டுண்ணியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மீனின் நிறமிப் பைகள்கூட உருக்குலையவில்லை. அவற்றை வைத்தே முதுகு கறுப்பு, வயிறு வெளிறல், பக்கத்தில் இரண்டு கோடுகள் என்று நிறம் சொல்கிறார்கள்.

"எங்கட கிறவலும் சிவப்புத்தானே, அதிலும் இரும்புதானே" என்று யாரும் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் கிறவல் தண்ணீருக்கடியில் படிந்ததல்ல. பாறை இருந்த இடத்திலேயே உக்கி, மழையும் வெயிலும் மாறி மாறி இரும்பை இறுக்கியதில் உண்டானது. அதற்குள் ஏரியும் இல்லை, படையும் இல்லை, ஆகவே சிலந்தியும் இல்லை. அடியில் உள்ள கருங்கல்லும் கைகொடுக்காது. நிலவியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்டிருக்கும் அந்தப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி வருடங்களுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. மன்னார்ப் பக்கத்துச் சுண்ணக்கல்லில் சிப்பியும் சங்கும் உண்டு. மக்ராத்ஸ் பிளாட்டில் அந்த மடு இருந்த மயோசீன் யுகத்தில் இந்தப் பக்கம் கடலாக இருந்தது. கடலலை உருட்டிய ஓடு மிஞ்சும், சதை மிஞ்சாது. நன்னீர்ச் சுவடு வேண்டுமென்றால் தெற்கே இறங்கிப் புத்தளத்துக்குக் கிட்ட உள்ள தப்போவவுக்குப் போக வேண்டும். அங்கே யுராசிக் காலத்து மென்படைக் கல்லைப் பிளந்தால் இலை நரம்பு தெரியும்.