நரம்பு அறுந்தும் துடிக்கும் இதயம்

இதய மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் மாடிப்படி ஏறுகிறார் என்று வையுங்கள். நமக்கென்றால் முதல் சில படிகளிலேயே நாடி எகிறும். அவருக்கு எகிறாது. சில நிமிடங்கள் கழித்துத்தான் இதயம் மெல்ல வேகம் பிடிக்கும். அப்புறம் அவர் உட்கார்ந்துவிட்டாலும் அது உடனே அடங்காது.

காரணம், இதயத்தை எடுக்கும்போது அறுத்த நரம்புகளைத் திரும்பத் தைக்க முடியாது. அறுவை அரங்கில் இணைப்பது பெருந்தமனி, நுரையீரல் தமனி, மேல், கீழ் பெருஞ்சிரைகள், இடது மேலறையின் பின்சுவர், அவ்வளவுதான். மூளையிலிருந்து வந்த கம்பியான நரம்பை அறுந்தபடியே விட்டுவிடுவார்கள். பிறகு எப்படித் துடிக்கிறது? வலது மேலறையில் சைனஸ் கணு என்றொரு சின்னத் திசு இருக்கிறது. துடிப்புக்கான மின்சாரத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும், யார் உத்தரவும் வேண்டாம். மூளை செய்வது வேகத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும். சும்மா இருக்கும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிரேக் பிடிப்பதால்தான் நம் நாடி 70 பக்கம் நிற்கிறது. பிரேக் இல்லாத இந்த இதயம் ஓய்விலும் 90, 100 என்று ஓடும். வேகம் கூட, அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து வந்து சேர வேண்டும். தந்திக்குப் பதில் தபால் மாதிரி. அதனால்தான் உடற்பயிற்சிக்கு முன் நிதானமாக உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மருந்துகள் கைவிட்ட, கடைசிக் கட்ட இதயச் செயலிழப்புக்குத்தான் இந்தச் சிகிச்சை. ரத்த வகையும் உடல் அளவும் பொருந்தினால் மட்டும் போதாது. நோயாளியின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிக் கிடந்தால், அதற்குப் பழகாத புது இதயத்தின் வலது கீழறை திணறிவிடும். மூளைச்சாவு அடைந்தவரின் இதயத்தைப் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் நிறுத்தி, ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். பொருத்தி, வெதுவெதுப்பான ரத்தம் பாய்ந்ததும் பெரும்பாலும் தானாகவே துடிக்கத் தொடங்கும். சில சமயம் ஒரு சின்ன ஷாக் தேவைப்படும்.

தையல் வேலையைவிடப் பெரிய தலைவலி, புது இதயத்தை அந்நியமாக நினைத்துத் தாக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அறுவை மருத்துவர் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முதலாக மனித இதயத்தைப் பொருத்தியபோது, நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள்தான் பிழைத்தார். எதிர்ப்புச் சக்தியை அடக்கிய உடம்பை நிமோனியா கொண்டுபோனது. 1980களில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகே நிலைமை மாறியது. இன்று பாதிப் பேருக்கு மேல் 10 ஆண்டு தாண்டுகிறார்கள். உடம்பு புது இதயத்தை நிராகரிக்கிறதா என்று பார்க்க, கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயைவிட்டுக் கீழறையிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பது வழக்கம்.

ஆண்டுகள் போகப் போக இந்த இதயத்தின் ரத்தக்குழாய்களும் உள்ளே தடித்துச் சுருங்கலாம். வேறொருவருக்கு என்றால் நெஞ்சு வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே வலியைச் சொல்லும் நரம்பும் சேர்த்தே அறுந்துவிட்டதே! அதனால், ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்பவரையும் குறிப்பிட்ட இடைவெளியில் கூப்பிட்டு ஆஞ்சியோ செய்து பார்க்கிறார்கள்.