தைலம் எந்த வண்டுக்கு, எந்த நேரத்தில்?

"அரிசியில் வண்டு விழுந்துவிட்டது, யூகலிப்டஸ் தைலம் விடலாமா சார்?" தானியச் சேமிப்புப் பயிற்சிக்குப் போகும் ஊரிலெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல் என்று பட்டியலும் நீளும். இந்தத் தைலங்கள் பூச்சியைக் கொல்வது உண்மைதான். ஆனால் பூச்சி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் தைலமும் வீண், காசும் வீண்.

பெண் அரிசி வண்டு தன் நீண்ட மூக்கால் மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழுப் பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் அந்த ஒரே மணிக்குள் கழிகின்றன. நம் ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு மாதத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். யூகலிப்டஸில் உள்ள சினியோல், கிராம்பின் யூஜினால், எலுமிச்சைப்புல்லின் சிட்ரால் எல்லாம் ஆவியாகிப் பூச்சியின் சுவாசத் துளைகள் வழியே புகுந்து நரம்பைத் தாக்குபவை. வெளியே திரியும் வண்டு சாகும், இல்லையென்றால் ஓடும். மணிக்குள் இருக்கும் புழுவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சில நாளில் வாசம் பறந்துவிடும். அப்புறம் அடுத்த தலைமுறை வெளியே வரும்.

ஆய்வகத்தில் நூற்றுக்கு நூறு வண்டு செத்தது என்ற செய்தியையும் நிதானமாகப் படிக்க வேண்டும். அவற்றில் பல, சின்னக் கண்ணாடிக் குப்பியில் தானியமே இல்லாமல் செய்தவை. நிறைந்த டின்னில் தானியமே ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். அளவைக் கூட்டினால் வண்டு சாகும், சோறு தைலம் மணக்கும்! விதை என்றால் முளைப்புத்திறனும் குறையலாம்.

பயறு வண்டின் கதை வேறு. அது முட்டையை விதையின் மேல்தோலில் ஒட்டிவைக்கும். உற்றுப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இதற்குத் தைலமே தேவையில்லை. கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் பூசிப் புரட்டினால் முட்டை மூச்சடைத்துச் சாகும். விதைப் பயறு என்றால் வேப்ப எண்ணெய் போதும். வயலில் காய் முற்றும்போதே முட்டை வந்துவிடுவதால், பயறு காய்ந்த கையோடு பூசிவிட வேண்டும். புழு உள்ளே புகுந்தபின் எண்ணெய் பூசிப் பலனில்லை. பயறை உடைத்துப் பருப்பாக வைத்துக்கொண்டால் இந்த வண்டு பெருகுவதே கஷ்டம்.

சரி, தைலத்துக்கு என்னதான் வேலை? நன்றாகக் காய்ந்த, வண்டில்லாத தானியத்தைக் காற்றுப் புகாத டின்னில் போட்டு, சில சொட்டு விட்ட பஞ்சைத் துணியில் முடிந்து மூடியின் உட்புறம் கட்டுங்கள். தானியத்தின் மேல் ஊற்ற வேண்டாம். வாசம் போனதும் பஞ்சை மாற்றுங்கள். ஏற்கெனவே வண்டு இருந்தால் முதலில் சலித்து, வெயிலில் பரப்பிக் காய வையுங்கள். ஈரம் போகாத தானியத்தை எந்தத் தைலமும் காப்பாற்றாது.

இயற்கை என்பதால் எல்லாம் சாது என்றும் நினைக்க வேண்டாம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது தெரிந்து, அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் தடை செய்தது. விதைக்கு வசம்புத்தூள் போடலாம், சமைக்கும் அரிசிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. யூகலிப்டஸ் தைலத்தையோ கற்பூரத்தையோ குழந்தை விழுங்கினால் வலிப்புகூட வரும். கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தைலம் பலிக்கவில்லை என்று சிலர் அடுத்து மாத்திரைக்குப் போகிறார்கள். எனக்குப் பெரிய பயம் அதுதான். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். அந்த நஞ்சை முறிக்க மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் எப்படியோ வீட்டு அரிசி மூட்டைக்குள் வந்துவிடுகிறது. மாத்திரை போட்ட மூட்டை இருக்கும் வீட்டில் பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ அடித்தால், யாருக்காவது வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால், அரிசியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வெளியேறி 108-ஐ அழையுங்கள். நாற்றம் இல்லை என்பதற்காக உள்ளே இருந்துவிடாதீர்கள்.