மூட்டின் அச்சைத் தேடாமலே

கணினித் திரையில் நடக்கும் எலியின் காலில் எந்தத் தசை எவ்வளவு விசை தருகிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது, உயிருள்ள தசைக்குள் தராசு வைத்துப் பார்த்தார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தசையின் உச்ச விசையைக் கணக்கிடுவது எளிது. தசையை எடைபோட்டு, இழைகளின் நீளத்தையும் சாய்வையும் அளந்தால் இழைகளின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு ஏறத்தாழ 20 முதல் 30 நியூட்டன் என்று கொள்வார்கள். தசை வேகமாகச் சுருங்கும்போது விசை குறையும் என்பதை 1938இல் உடலியங்கியலாளர் ஏ.வி.ஹில் தவளைத் தசையில் அளந்து சமன்பாடாகவே தந்துவிட்டார்.

ஆனால் தசை நேராக இழுக்க, மூட்டு சுழல்கிறது. பள்ளியில் படித்த திருப்புத்திறன்தான்: விசையைச் செங்குத்துத் தொலைவால் பெருக்க வேண்டும். தொலைவை எங்கிருந்து அளப்பது? முழங்கால் கதவுக் கீல் போன்றதல்ல. எலும்புகள் உருண்டும் வழுக்கியும் நகர்வதால், கால் மடங்க மடங்கச் சுழலச்சும் இடம் மாறுகிறது.

இதற்குக் கண்ட வழி என்னைச் சொக்க வைக்கிறது. அச்சைத் தேடவே வேண்டாம்! இறந்த விலங்கின் காலில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணோடு நூலைக் கட்டி, தொய்யாமல் பிடித்துக்கொண்டு, மூட்டைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். நூல் எவ்வளவு நகர்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டில் உராய்வு மிகக் குறைவு; ஆகவே நாண் இழுத்துச் செய்த வேலை முழுவதும் சுழற்சியாக வெளிப்பட்டாக வேண்டும். விசை பெருக்கல் நகர்வு, திருப்புத்திறன் பெருக்கல் கோணம் இரண்டும் சமம். விசையை நீக்கினால், நகர்வைக் கோணத்தால் வகுத்த ஈவுதான் நாம் தேடிய தொலைவு! 10 பாகை, அதாவது 0.175 ரேடியன் திருப்பும்போது நாண் 0.35 மி.மீ. நகர்ந்தால் தொலைவு 2 மி.மீ. ஒவ்வொரு கோணத்திலும் இப்படி வகுத்துக்கொண்டே போனால், இடம் மாறும் அச்சின் விளைவும் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். ஆற்றல் அழியாது என்ற ஒற்றை விதி, எலும்பு முனைகளின் சிக்கலான வளைவுகளையெல்லாம் ஒரு நூலின் நகர்வுக்குள் அடக்கிவிடுகிறது.

சுண்டெலியின் பின்னங்காலை அயோடினில் ஊறவைத்து எக்ஸ்-கதிர் நுண்படம் எடுத்து, 39 தசைகளின் வடிவத்தை 2016இல் வெளியிட்டார்கள். இத்தகைய படங்களிலிருந்துதான் கணினிக் கால் உருவாகிறது.

உயிருள்ள விலங்கில் அளந்ததும் உண்டு. 1997இல் வான்கோழிகளைச் சமதளத்தில் ஓடவிட்டு, கெண்டைக்கால் தசையின் விசையையும் நீளத்தையும் ஒருசேரப் பதிவு செய்தார்கள். கால் ஊன்றியிருக்கும்போது தசையின் நீளம் பெரிதாக மாறவில்லை. நீண்டு மீண்டது பெரும்பாலும் தசைநாண். நாணை விறைப்பான கம்பியாகக் கொள்ளும் கணினி மாதிரி இந்த ஓட்டத்தைத் தவறாகவே கணிக்கும்.

பளபளப்பான உருவகப்படுத்தலுக்கு நிதி எளிதில் கிடைக்கிறது. தசைகளைப் பிரித்து எடைபோடும் பொறுமையான வேலைக்குக் கிடைப்பதில்லை. இது எனக்குப் பெரும் ஆதங்கம். அந்த அளவீடுகளை எல்லோருக்கும் திறந்து வைத்தால், அதே அளவுகளுக்காக இன்னொரு ஆய்வகம் இன்னும் சில எலிகளைக் கொல்ல வேண்டியிராது. நிதி தருபவர்கள் இதை நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.