ஸ்கேன் அறையில் நீட்டப்படும் அந்தத் தாள்: கர்ப்பிணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டமும் உரிமையும்

தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அந்தத் தாளை நீட்டுவார்கள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா." பெயர், வயது, கணவர் பெயர், முகவரி, ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எல்லாம் கேட்கும் தாள். பலரும் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மாவோ மாமியாரோ சொல்லி அனுப்பிய வார்த்தைதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்: "அடிக்கடி ஸ்கேன் எடுக்காதே, கதிர் பட்டா புள்ளைக்கு ஆகாது."

அந்தப் பயத்துக்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தம் இல்லாததுபோலத் தெரியும். ஆனால் ஸ்கேன் பாதுகாப்பானதா என்று கேட்டால் மருத்துவம் திருப்பிக் கேட்பதும், அந்தத் தாளில் சட்டம் கேட்பதும் ஒன்றுதான்: இந்த ஸ்கேன் எதற்காக?

முதலில் பயத்தைப் பார்த்துவிடுவோம். கர்ப்பிணிக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சே கிடையாது. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் வேறு, அவற்றில் வருவது அணுக்களைத் தாக்கக்கூடிய கதிர். இங்கே வருவது ஒலி. மனிதக் காது அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இந்தக் கருவியின் ஒலி பல லட்சம் அதிர்வுகள் கொண்டது. வயிற்றின் மேல் வைக்கும் அந்தக் கைக்கருவி ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. ஜில்லென்று தடவும் ஜெல், தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று புகாமல் இருப்பதற்காக. காற்று இருந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். கிளாஸ்கோவில் இயான் டொனால்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1958-இல் இந்த முறையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அதன் பிறகு உலகம் முழுக்கப் பல தலைமுறைப் பிள்ளைகள் இந்த ஒலியைக் கடந்துதான் பிறந்திருக்கிறார்கள். முறையாக எடுத்த ஸ்கேனால் குழந்தைக்கு ஊனமோ, புற்றுநோயோ, வளர்ச்சிக் குறைவோ வந்ததாக நிரூபணம் இல்லை. பெண்ணுறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனால் கரு கலைந்துவிடும் என்பதும் தவறான பயம்.

அதற்காக ஒலியால் எந்த விளைவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒலி உடம்புக்குள் போகும்போது அதில் கொஞ்சம் வெப்பமாக மாறுகிறது. மிகச் சிறிய காற்றுக் குமிழிகள் இருக்கும் இடத்தில் அவற்றை அதிரவும் வைக்கும். கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை என்பதால் இந்த இரண்டாவது பற்றிக் கவலை குறைவு. பார்க்க வேண்டியது வெப்பத்தைத்தான். எலும்பு ஒலியை அதிகம் உறிஞ்சும், அதனால் எலும்பை ஒட்டிய இடம் சற்றுக் கூடுதலாகச் சூடாகும். இயல்பான உடல் வெப்பத்தைவிட ஒன்றரை டிகிரி வரை கூடினால் பாதகம் இல்லை என்றும், 4 டிகிரி கூடி 5 நிமிடமோ அதற்கு மேலோ நீடித்தால் ஆபத்தாகக் கருத வேண்டும் என்றும் சர்வதேச வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். வழக்கமான கறுப்பு வெள்ளை ஸ்கேன் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்த முறை படுத்திருக்கும்போது திரையின் ஓரத்தைக் கவனியுங்கள். டி.ஐ., எம்.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 0.2, 0.7 என்பதுபோலச் சின்ன எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். டி.ஐ. என்பது வெப்பக் குறியீடு. 1.0 என்று காட்டினால் திசு ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாக வாய்ப்பிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எம்.ஐ. அந்தக் குமிழி அதிர்வுக்கான குறியீடு. இந்த எண்களைக் குறைவாக வைத்து, தேவையான படம் கிடைத்ததும் நிறுத்திவிடுவதுதான் பயிற்சி பெற்ற மருத்துவரின் கைப்பழக்கம்.

கூடுதல் கவனம் தேவைப்படுவது டாப்ளர் ஸ்கேனுக்கு. ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒலிக்கற்றையை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டியிருப்பதால் சூடு அங்கேயே சேரும். கடைசி மாதங்களில், குழந்தைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க இது உயிர்காக்கும் பரிசோதனை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் எடுங்கள். முதல் மூன்று மாதத்தில் மட்டும் காரணமில்லாமல் கூடாது. 11 முதல் 14 வாரத்துக்குள் டாப்ளர் தேவைப்பட்டால் டி.ஐ. 1.0-ஐத் தாண்டாமல், வேண்டிய சில நிமிடங்களோடு முடித்துவிட வேண்டும் என்பது மகப்பேறு ஸ்கேன் வல்லுநர்களின் வழிகாட்டுதல். ஆரம்ப வாரங்களில் இதயத் துடிப்பைக் கணக்கிட டாப்ளர் வேண்டியதில்லை, எம்-மோட் என்ற வரைபட முறையே போதும். உங்களுக்குக் காய்ச்சல் இருந்தால் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். உடம்பு ஏற்கெனவே சூடாக இருக்கும்போது மேலும் சூடு சேராமல் பார்த்துக்கொள்வார்கள்.

நினைவுக்கு வீடியோ எடுத்துக்கொள்ளவே அரை மணி நேரம் ஸ்கேன் செய்வது, வீட்டிலேயே துடிப்புக் கேட்கும் கருவியை வாங்கிவைத்துத் தினமும் அழுத்திப் பார்ப்பது, இந்த இரண்டும் வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. அந்த வீட்டுக் கருவியில் எனக்கு ஒலியைவிடப் பெரிய பயம் வேறொன்று உண்டு. குழந்தையின் அசைவு குறைந்த நாளில், ஏதோ ஒரு துடிப்பு கேட்கிறதே என்று நிம்மதியாகிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். கேட்டது தாயின் நாடித் துடிப்பாகவே இருக்கலாம். அசைவு குறைந்தால் கருவியைத் தேடாதீர்கள், உடனே கிளம்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இனி அந்தத் தாளுக்கு வருவோம். அதன் பெயர் படிவம் எஃப். பிசிபிஎன்டிடி என்று சுருக்கமாகச் சொல்லும் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 2003-இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை மக்கள்தொகைக் கணக்கே சொல்லும். ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 1991-இல் 945 பேர். அது 2001-இல் 927, 2011-இல் 918. குழந்தையைக் காக்க வந்த கருவியையே பெண் குழந்தையைக் கருவிலேயே தேடிப்பிடித்து அழிக்கப் பயன்படுத்தினார்கள். அந்த வேதனையில் பிறந்த சட்டம் இது.

படிவத்தில் 20-க்கும் மேற்பட்ட மருத்துவக் காரணங்கள் அச்சாகியிருக்கும். கரு கருப்பையில்தான் இருக்கிறதா, எத்தனை வாரம், ஒன்றா இரட்டையா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, பனிக்குட நீர் போதுமா, ரத்தக்கசிவு ஏன், வளர்ச்சி சரியா என்று நீளும் பட்டியல் அது. அதில் உங்களுக்குப் பொருந்தும் காரணத்தைக் குறித்த பிறகுதான் ஸ்கேன். யார் பரிந்துரைத்தார் என்பதும் எழுதப்பட வேண்டும். இங்கே ஒரு வரி இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. பரிசோதிக்கும் மருத்துவர் தாமே பரிந்துரைக்கலாம்; ஆனால் கர்ப்பிணியோ உறவினரோ நேரில் வந்து ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்பது பரிந்துரை ஆகாது என்று படிவமே சொல்லிவிடுகிறது. ஆக, "மாமியார் பார்க்க ஆசைப்பட்டார்" என்பதற்கு அங்கே இடமில்லை. பெண் சிசுவைக் காக்க எழுதிய விதிதான், தேவையில்லாத ஸ்கேனிலிருந்தும் உங்களைக் காக்கிறது.

அடியில் இரண்டு உறுதிமொழிகள். ஒன்று உங்களுடையது: கருவின் பாலினத்தை அறிய நான் விரும்பவில்லை என்பது. இன்னொன்று மருத்துவருடையது: பாலினத்தை நான் கண்டறியவும் இல்லை, யாருக்கும் எந்த வகையிலும் சொல்லவும் இல்லை என்பது. வார்த்தையால் மட்டுமல்ல, சைகையால் சொன்னாலும் குற்றம். ஆணா பெண்ணா என்பதை இனிப்பின் பெயரைச் சொல்லிக் காட்டுவதும் கடவுள் பெயரைச் சொல்லிக் காட்டுவதும் இதில் அடங்கும். படிவத்தில் காரணம் காலியாக இருந்தால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், பிறகு கையெழுத்திடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. படிவம் சரியாக நிரப்பப்படாவிட்டால் சட்டம் மீறப்பட்டதாகவே கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மருத்துவர்தான். இந்தப் பிரிவு மிகக் கடுமையானது என்று மகப்பேறு மருத்துவர்கள் சங்கக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், பிரிவு செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மருத்துவருக்கு முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 50,000 ரூபாய் வரை. பாலினத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் கணவருக்கும் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி என்றால் 5 ஆண்டு, ஒரு லட்சம் வரை. ஜாமீனில் விடுவதைத் தங்கள் உரிமை என்று யாரும் கோர முடியாது, சமரசமும் செய்துகொள்ள முடியாது. கட்டாயப்படுத்தப்பட்ட கர்ப்பிணிக்கு மட்டும் தண்டனை இல்லை. வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அவள் வந்தாள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வீட்டு நிலவரம் தெரிந்து எழுதிய பிரிவு என்று இதைச் சொல்வேன்.

ஸ்கேன் மையத்துக்குள் நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். அரசின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும். பாலினம் சொல்லப்பட மாட்டாது என்ற அறிவிப்பு தமிழிலும் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்பவர் அதற்கான தகுதியோ பயிற்சியோ பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் படுக்காதீர்கள். முறைகேடு தெரிந்தால் இந்தச் சட்டத்துக்கென மாவட்டத்தில் நியமிக்கப்பட்ட உரிய அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 15 நாள் அவகாசத்துடன் அறிவிப்புக் கொடுத்த பிறகு, எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றம் போகவும் சட்டம் வழி விட்டிருக்கிறது.

எத்தனை, எப்போது, எவ்வளவு செலவு

24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தந்த பரிந்துரை. நடைமுறையில் நம் மருத்துவர்கள் தொடக்கத்தில் ஒன்று, 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன், கடைசி மூன்று மாதத்தில் வளர்ச்சியைப் பார்க்க ஒன்று என்று எழுதுகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்றால் கூடும். காரணம் இருக்கும்போது எண்ணிக்கை கூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அனாமலி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதற்கு மேல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட பிரிவினருக்கு மட்டும், இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். 24 வாரத்துக்கு மேல் கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவ வாரியம்தான் முடிவு செய்யும். ஸ்கேன் ஒரு மாதம் தாமதமானால், யோசிக்கவும் இரண்டாவது கருத்துக் கேட்கவும் குடும்பத்துக்கு நேரமே இருக்காது.

அரசு மருத்துவமனையில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2011 ஜூன் 1-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வண்டி ஆகியவற்றோடு ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனையும் இலவசமாக்கியது. 2014-இல் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வரும் சிக்கல்களுக்கும் இது விரிந்தது. இது சலுகை இல்லை, உரிமை. அதோடு 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில், நாலாவது மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை அரசு மருத்துவமனைகளில் டாக்டர் பார்ப்பார். 9-ஆம் தேதி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். அன்று உங்கள் அட்டையில் ஒட்டும் வண்ணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை என்றால் சிக்கல் இல்லை. சிவப்பு என்றால் அதிக ஆபத்துள்ள கர்ப்பம். நீலம் என்றால் கர்ப்பகால ரத்த அழுத்தம். மஞ்சள் என்றால் சர்க்கரை, தைராய்டு போன்ற உடன்நோய்.

ஸ்கேன் முடிந்ததும் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. பிரசவ தேதி, நஞ்சுக்கொடி இருக்கும் இடம், நீரின் அளவு ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு, ரிப்போர்ட்டைத் தாய் சேய் அட்டைக்குள் வைத்துவிடுங்கள். நள்ளிரவில் வலி வந்து 108-இல் ஏறும்போது கையோடு போக வேண்டியது அந்த அட்டைதான்.