டவர் லொகேஷன் காட்டுவது யாரை?

“டவர் லொகேஷன்ல மாட்டிக்கிட்டான்னு சொல்றாங்க சார். இனிமே கேஸ்ல ஒண்ணுமே இல்லையா?” கொலை, கொள்ளை வழக்கில் ஒருவர் கைதானதும் வீட்டார் என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கண்ணால் பார்த்த சாட்சியைக்கூட சந்தேகப்படும் நம் மக்கள், கம்ப்யூட்டரில் இருந்து வந்த காகிதம் என்றால் உடனே தலை குனிந்துவிடுகிறார்கள். ஜாமீன் மனு போடும் முன்பே மனசு விட்டுவிடுகிறது. அதனால் அந்தக் காகிதத்தில் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அந்தக் காகிதத்தின் பெயர் சி.டி.ஆர். (கால் டீட்டெயில் ரெக்கார்ட்). தொலைபேசி நிறுவனம் பில் போடுவதற்காக வைத்திருக்கும் அழைப்புக் கணக்கு அது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி, அழைப்பு தொடங்கியபோது எந்த செல் ஐடி, முடிந்தபோது எந்த செல் ஐடி, போனின் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) என்ன என்று வரிசையாக இருக்கும். அழைப்போ எஸ்.எம்.எஸ்.ஸோ நடந்தால்தான் ஒரு வரி பதிவாகும். இரவு 8 மணிக்கு ஒரு அழைப்பு, 11 மணிக்கு ஒரு அழைப்பு என்றால் நடுவே இருக்கும் மூன்று மணி நேரத்தைப் பற்றி அந்தக் காகிதம் ஒன்றுமே சொல்லாது. குற்றப்பத்திரிகைதான் அந்த இடைவெளியைத் தன் கதையால் நிரப்பிக்கொள்ளும்.

செல் ஐடி என்பதும் ஒரு இடம் இல்லை. டவரில் பொதுவாக மூன்று திசை பார்த்து ஆன்டெனாக்கள் இருக்கும். அதில் எந்த ஆன்டெனா போனைப் பிடித்தது என்பதைத்தான் செல் ஐடி சொல்கிறது. நகரத்தில் ஒரு ஆன்டெனாவின் வீச்சு சில நூறு மீட்டர் இருக்கலாம். கிராமப்புறத்தில் பல கிலோமீட்டர் போகும். பக்கத்து டவரைத்தான் போன் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. நடுவே கட்டடம் மறைத்தாலோ, அந்த டவரில் நெரிசல் இருந்தாலோ, மின்சாரம் போய் அது படுத்துவிட்டாலோ தூரத்து டவரைப் பிடிக்கும். நாற்காலியை விட்டு எழாமல் பேசினாலும் அடுத்தடுத்த இரண்டு அழைப்புகள் இரண்டு டவரில் பதிவாகலாம். அதைப் பார்த்து “எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் இப்படித்தான் சொல்வோம்) அங்கிருந்து இங்கு நகர்ந்தார்” என்று போலீஸார் எழுதிவிடுவார்கள்.

போலீஸுக்குத் தரவு கொடுக்கும் பொறுப்பில் உள்ள தொலைபேசி நிறுவன அதிகாரி, அதாவது நோடல் ஆபிசர், சாட்சிக் கூண்டில் ஏறும்போது நான் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. இந்த ஆன்டெனா எந்தத் திசை பார்த்து இருந்தது? “ஆவணத்தில் இல்லை.” அதன் வீச்சு எவ்வளவு? “சொல்ல இயலாது.” சம்பவ இடமும் எதிரியின் வீடும் இதே செல் ஐடிக்குள் வருமா? “வரலாம்.” இந்த மூன்றாவது பதில்தான் முக்கியம். ஒரே ஊரில் நடந்த கொலையில் எதிரி, இறந்தவர், சாட்சிகள், ஏன், ஸ்டேஷனில் இருந்த ஏட்டையா வரை எல்லோருமே ஒரே டவரில் இருப்பார்கள். அங்கே டவர் லொகேஷன் யாரையும் பிரித்துக் காட்டாது. அதுவே எதிரி கோயம்புத்தூரில் இருந்ததாகச் சொல்லி, அவர் போன் திருநெல்வேலி டவரில் பேசியிருந்தால் அது வலுவான சாட்சியம்தான். தூரம் கூடக் கூட இந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு கூடும்.

போன் யார் கையில் இருந்தது என்பது தனிக் கேள்வி. சிம் மனைவி பெயரில் இருக்கும், பயன்படுத்துவது மகனாக இருக்கும். அதை அரசுத் தரப்பு வேறு சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். ஐ.எம்.இ.ஐ.யின் 15-ஆவது இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். அது நெட்வொர்க்குக்குப் போவதில்லை, அதனால் சி.டி.ஆரில் பல நேரம் 0 என்று வரும். மகஜரில் (போனைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதும் பதிவில்) உள்ள எண்ணோடு கடைசி இலக்கம் மட்டும் பொருந்தவில்லை என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று ஜூனியர்களிடம் சொல்வேன். முதல் 14 இலக்கத்தைப் பாருங்கள்.

டென்மார்க்கில் 2019-இல் நடந்ததை இங்கே அதிகம் பேர் கவனிக்கவில்லை. தொலைபேசி நிறுவனங்கள் கொடுத்த மூலத் தரவைப் போலீஸுக்கு ஏற்ற வடிவில் மாற்றும் மென்பொருள், சில பதிவுகளை விட்டுவிட்டே மாற்றிக்கொண்டிருந்தது. சில போன்கள் தவறான டவரோடு இணைக்கப்பட்டதும் தெரியவந்தது. அரசுத் தரப்பே இரண்டு மாதம் செல்போன் தரவை நீதிமன்றத்தில் பயன்படுத்துவதை நிறுத்திவைத்தது. 2012 முதல் நடந்த சுமார் 10,700 வழக்குகள் மறுபரிசீலனைக்கு எடுக்கப்பட்டன, காவலில் இருந்த 32 பேர் வெளியே வந்தார்கள். மூலத் தரவுக்கும் நீதிபதி பார்க்கும் வரைபடத்துக்கும் நடுவே ஒரு மென்பொருள் இருக்கிறது என்பதையே அத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை.

ஜி.பி.எஸ். டவரைவிடத் துல்லியம். திறந்தவெளியில் சில மீட்டருக்குள் காட்டிவிடும். ஆனால் அதிலும் தவறு நுழையும். நான் நடத்திய ஒரு வழக்கில், இரவு பத்தரை மணி வாக்கில் சாலையில் ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் போனதாக ஒரு லாரி டிரைவர் மீது குற்றச்சாட்டு. லாரியின் ஜி.பி.எஸ். பதிவில் அந்த இடத்துக்கு நேராக 22:31 என்று இருந்தது. பார்த்ததும் யாருக்கும் வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். டிரைவரோ, விடியும் முன்புதான் அந்த ஊரைத் தாண்டினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாதனம் அனுப்பிய மூலப் பதிவை நீதிமன்றம் மூலம் வரவழைத்துப் பார்த்தோம். நேரம் யு.டி.சி.யில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருந்தது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும், யாரும் கூட்டவில்லை. கூட்டினால் மறுநாள் அதிகாலை 4:01. சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் கணக்கில் அதற்குக் கொஞ்சம் முன்பு அதே லாரி பதிவாகியிருந்தது, இரண்டும் பொருந்திவிட்டன.

வாகனங்களில் பொருத்தும் ஜி.பி.எஸ். சாதனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 140 என்ற இந்தியத் தரத்தில் ஒவ்வொரு பதிவிலும் செயற்கைக்கோள் இணைப்பு கிடைத்ததா இல்லையா, எத்தனை செயற்கைக்கோள், அது அப்போதே அனுப்பிய பதிவா அல்லது சேமித்துவைத்துப் பிறகு அனுப்பியதா என்பதெல்லாம் இருக்கும். நீதிமன்றத்துக்கு வரும் அச்சுப் பிரதியில் இவை இருப்பதில்லை. இடம், நேரம், வேகம், அவ்வளவுதான்.

சரி, சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். மின்னணு ஆவணத்தின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கில் சொன்னது, 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவில் சான்றிதழ் இரண்டு பகுதியாக ஆகிவிட்டது. ஹாஷ் மதிப்பு (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) எழுத வேண்டும், இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். நல்ல மாற்றம். ஆனாலும் நகல் மாறவில்லை என்பதற்குத்தான் அது உறுதி. உள்ளே இருப்பது சரியா, அதிலிருந்து போலீஸ் எடுத்த முடிவு சரியா என்பதற்கு இல்லை. சான்றிதழைப் பார்த்ததும் குறுக்கு விசாரணை வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றங்களும் தொழில்நுட்பத்தை ஆராயாமல் நம்பியது உண்டு. கூகுள் மேப்பில் பின் போட்டு அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் கூகுளிடமே கேட்டபோது, அதை வைத்து ஒருவரை நேரலையாகக் கண்காணிக்கவே முடியாது என்று பதில் வந்தது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது.

இந்தத் தரவு எதிரிக்கும் உதவும். பிடித்ததாகச் சொன்ன நேரத்தில் போலீஸார் உண்மையில் எங்கே இருந்தார்கள் என்று அவர்களின் டவர் பதிவையே எதிரி கேட்கலாம். 2014-இல் சுரேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது, அவர்கள் பேசிய மற்றவர்களின் எண்களை மறைத்துவிட்டுக் கொடுக்கச் சொன்னது.

இதிலெல்லாம் நேரம்தான் பெரிய பிரச்சினை. சி.டி.ஆரை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம விதி. சாட்சி விசாரணை தொடங்கவே அதைத் தாண்டிவிடும். அதனால் கைதான முதல் வாரத்திலேயே, சி.டி.ஆர்., செல் ஐடி, ஆன்டெனா திசை எல்லாவற்றையும் அழிக்காமல் வைக்க உத்தரவிடும்படி பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆவது பிரிவின் கீழ் மனு போடச் சொல்லுங்கள். கூகுள் டைம்லைன் இப்போது போனுக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், வீட்டில் இருக்கும் பழைய போனை யாரும் ரீசெட் செய்துவிட வேண்டாம். தெருவில் உள்ள கடைகளின் சி.சி.டி.வி. இன்னும் அவசரம். பல கடைகளில் சில வாரத்துக்குள் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். அன்றைக்கே போய்க் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது டி.வி.ஆர். (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) திரையில் ஓடும் நேரத்தையும் உங்கள் போனில் உள்ள நேரத்தையும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.