மாத்திரை வீடு தேடி வருகிறது, பாதத்தை யார் பார்ப்பது?

கொரோனா காலம் என்றதும் எல்லோரும் ஆக்சிஜன் படுக்கையையும் ஆம்புலன்ஸ் வரிசையையும் சொல்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கால் விரல்.

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருக்கிறேன். 2020ல் மேட்டூர் அணையை வழக்கமான தேதியான ஜூன் 12 அன்றே திறந்தார்கள். எத்தனையோ வருடம் கழித்துச் சொன்ன நாளில் வந்த தண்ணீர். ஊரடங்கிலும் குறுவை நடவு மும்முரமாக நடந்தது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பஸ் இல்லை. எங்களிடம் மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்குகிறவர்களில் பலர் பஸ்ஸை நம்பி இருப்பவர்கள்.

நடவுக்குப் போகும் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், கையிலிருந்த மாத்திரையை உடைத்து அரை அரையாகப் போட்டிருக்கிறார். "தீந்துடக் கூடாதுல்லங்கம்மா" என்றார் பிறகு. அதுவும் தீர்ந்துபோனது. சேற்றுக்குள் நத்தை ஓடு காலைக் கிழித்தது அவருக்குத் தெரியவே இல்லை. சுகர் பல வருடம் ஏறியே இருந்தால் பாதத்து நரம்பு மரத்துவிடும். வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காது. செப்டம்பரில் பஸ் விட்டதும் வந்தார். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தால் இடது காலின் இரண்டாவது விரல் கறுத்திருந்தது. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம், விரலை எடுத்தார்கள். அங்கே சேர்க்கும்போது எடுத்த கொரோனா டெஸ்ட் நெகட்டிவ். அப்புறமும் அவருக்குக் கொரோனா வரவில்லை. ஆகவே கொரோனாக் கணக்கு எதிலும் அந்த விரல் ஏறவில்லை.

பழி முழுவதையும் கொரோனா மேல் போடவும் முடியாது. 2020ல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பு ஒன்றில், சுகர் உள்ளவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்கும் பிரஷர் உள்ளவர்களில் சுமார் 7 சதவீதத்தினருக்கும்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. ஏற்கெனவே ஓட்டையாக இருந்த கூரை; மழை வந்ததும் ஒழுகியது, அவ்வளவுதான்.

2021 ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த ஒழுகலைப் பார்த்துப் போட்ட திட்டம்தான் என்பது என் எண்ணம். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். 2024ல் ஐக்கிய நாடுகள் விருதும் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருந்து பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தன்னார்வலர் பத்து மணிக்கு வருவார். நடவு ஆட்கள் விடியற்காலையிலேயே வயலுக்குப் போயிருப்பார்கள். மாத்திரை மருமகள் கையிலோ பக்கத்து வீட்டிலோ போய்ச் சேரும். பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று விழும்.

போன வருடம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஆணியில் ஒரு மஞ்சப்பை. அதில் ரப்பர் பேண்டு போட்டு மூன்று மாத மாத்திரை, பிரிக்காமல். கோபம்தான் வந்தது. "ஏங்க்கா இப்படி?" என்றேன். "காலையில போட்டுட்டுப் போனா வரப்புலேயே கண்ண இருட்டுதுங்கம்மா" என்றார்.

அவர் சொன்னது சரி. தப்பு என் சீட்டில் இருந்தது. சில சுகர் மாத்திரைகளைப் போட்டுவிட்டு உடனே சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கிளிமிபிரைடு அந்த ரகம். ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்கு வரப்பில் சோற்றுத் தூக்கைத் திறக்கிறவருக்கு 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியது நான்தான். இப்போது அந்த மாத்திரையைப் பழைய சோற்றுத் தூக்கோடு கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். தூக்கைத் திறக்கும்போது போட வேண்டும். உங்களுக்கும் மாத்திரை போட்டால் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ சாப்பிடுங்கள். பிறகு மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்திருப்போம்.

இன்னொன்று, இருமல். 2019ல் இந்தியாவில் பதிவான டி.பி. நோயாளிகள் 24 லட்சத்துக்கு மேல். 2020ல் 18 லட்சம் சொச்சம். நோய் எங்கும் போய்விடவில்லை. டி.பி. பார்க்கும் மெஷின்கள் பல கொரோனாவுக்குப் போயின. இருமினால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்று ஜனங்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் மாதக்கணக்கில் இருமிவிட்டு "நெல் தூசிங்க" என்கிறார்கள். தூசியாகவே இருக்கட்டும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைக் கொடுத்துவிடுங்கள். டெஸ்ட்டும் மருந்தும் இலவசம், டி.பி. என்று தெரிந்தால் சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வரும்.

சுகர் இருந்து வயலில் இறங்குகிறவர்கள் கரையேறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலை ஒரு தரம் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதென்றால் பேரப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் அன்றைக்கே வாருங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க நேரில் வர வேண்டும். அப்போது பாதத்தையும் காட்டுங்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

எங்கள் தன்னார்வலர் இப்போது நடவு மாதங்களில் மாலை ஐந்தரைக்கு மேல்தான் அந்த அம்மாவின் தெருவுக்குப் போகிறார். அவருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும். எத்தனை நாள் இப்படிப் போவார், தெரியவில்லை. அந்த அம்மா இந்தத் திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்றுப் பறித்தாகிவிட்டதாம், இரண்டு நாளில் நடவு முடிந்துவிடுமாம். புதன்கிழமைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.