ஸ்டீம் ஓவன் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஸ்டீம் ஓவன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்கள்தான், நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவே. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கம் வீடுகளுக்குப் போய் அடுப்பு, மைக்ரோவேவ், கீசர் பழுதுபார்ப்பது என் தொழில். கடையில் பளபளவென்று நிற்கும் சாமானைவிட, ஒரு வருஷம் புழங்கிய பிறகு அதன் பின்தகட்டைக் கழற்றினால் உள்ளே என்ன தெரிகிறது என்பதை வைத்துத்தான் நான் பேசுவேன்.

பெட்டியில் ஸ்டீம் என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே ரகம் அல்ல. தண்ணீர்த் தொட்டி, அதைக் கொதிக்கவைக்கும் சின்ன பாய்லர், சூடான காற்றைச் சுற்றவிடும் விசிறி எல்லாம் உள்ளது ஒரு ரகம். நீராவி மட்டும் தருவது இன்னொரு ரகம், அதில் எதுவும் சிவக்காது, ஏனென்றால் அந்த நீராவி 100 டிகிரிக்கு மேல் போகாது, மேல்தோல் சிவந்து மொறுமொறுப்பாக ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். மூன்றாவது, சாதாரண ஓவனுக்குள் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு விலையை ஏற்றுவது. தொட்டி எங்கே இருக்கிறது, வெறும் காற்றில் எத்தனை டிகிரி வரை போகும், இந்த இரண்டையும் கடையில் கேளுங்கள், பதில் சரியாக வரவில்லையென்றால் நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம், நம் வீட்டில் ஒரு வாரம் என்னதான் சமைக்கிறோம்? இட்லி, கொழுக்கட்டைக்கு இட்லிப் பானை இருக்கிறது, அதில் வரும் நீராவியும் இதில் வரும் நீராவியும் ஒன்றேதான். பருப்புக்கும், சுகர் பீன்ஸ் என்கிற காய்ந்த பீன்ஸ் கொட்டைக்கும் பிரஷர் குக்கர்தான், அதனுள்ளே 120 டிகிரியை ஒட்டிப் போகும், அந்த வேகம் அழுத்தமில்லாத இந்தப் பெட்டிக்கு வராது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இன்னும் மோசம், ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், செய்முறைப் புத்தகத்தில் போட்ட நேரம் அங்கே பத்தாது.

வைட்டமின் போகாது என்பார்கள். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறவர்களுக்கு அது உண்மையான லாபம். நாம் குழம்பிலேயே வேகவைத்து அந்தக் குழம்பையே சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறோம், தண்ணீரில் கரைந்தது வயிற்றுக்குத்தானே வருகிறது.

நல்லது இல்லாமலும் இல்லை. மிச்சப் பிரியாணியைச் சூடாக்க இதைவிட நல்ல சாமான் நான் பார்த்ததில்லை, மைக்ரோவேவில் ஓரத்து அரிசி காய்ந்து விறைத்துப்போகும், இதில் பொலபொலவென்று வரும். வீட்டிலேயே ரொட்டி சுடுகிறவர்களுக்கு, முதல் பத்து நிமிஷ நீராவியில் மேல்தோல் இளகி நன்றாக உப்பும். புரட்டாசி முடிந்து கோழியோ மீனோ சுடும்போதும் உள்ளே ஈரம் நிற்கும். ஒருவர் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில், பெரிய ஓவனைச் சூடாக்கும் செலவும் மிச்சம். எட்டுப் பேர் சாப்பிடும் வீடென்றால் அந்தச் சின்னப் பெட்டி எந்த மூலைக்கு?

சரி, மின்சாரம். இந்த மாதிரிப் பெட்டி பெரும்பாலும் 1,500 முதல் 2,000 வாட்டுக்கு மேலும் இழுக்கும். கெட்டிலும் 2,000 வாட் இழுக்கும். 2,000 வாட் பெட்டியையும் கெட்டிலையும் ஒரே மல்டிபிளக்கில் மாட்டி ஒரே நேரத்தில் போட்டால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியரைத் தாண்டும், சுவர் பிளக் பாயிண்ட் தாங்குவது 16. உருகிக் கருகிய அடாப்டர்களை நான் கழற்றாத மாதமே இல்லை, ஆகவே தனி பிளக் பாயிண்ட் இல்லாவிட்டால் இதை வாங்கவே வேண்டாம். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட்ஷெடிங் காலத்தில் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டவர்களும் கவனிக்க வேண்டும், ஃபிரிட்ஜ், விளக்குகளோடு கெட்டிலும் ஓடும்போது இதையும் போட்டால் இன்வெர்ட்டர் நின்றுவிடும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை அனுப்பிய 120 வோல்ட் பெட்டியை இங்கே அப்படியே மாட்டினால் சூடாக்கும் கம்பி மூன்று நான்கு மடங்கு மின்சாரம் இழுத்து எரிந்துபோகும். அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அதன் கனமும் விலையும் பெட்டியோடு போட்டிபோடும்.

ஆனாலும் இந்தச் சாமானை அதிகமாகக் கொல்வது மின்சாரம் அல்ல, தண்ணீர்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் தண்ணீர் நிலையம் சேதமாகி அந்தப் பக்கம் பல மாதம் குழாயில் தண்ணீர் வராமல் போனதே, அதிலிருந்து எத்தனையோ வீடுகளில் மழைத்தண்ணீர் பிடிக்கும் ஜோஜோ டேங்க் என்கிற பிளாஸ்டிக் தொட்டி, சில வீடுகளில் ஆழ்துளைக் கிணறு. மழைத்தண்ணீரில் உப்பு குறைவு, வடிகட்டினால் பாய்லருக்கு ஆபத்தில்லை. சுண்ணாம்பு உப்பு அதிகமுள்ள கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் பாய்லர் உள்ளே வெள்ளைப் படிவு கட்டி, சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தேங்கி, கடைசியில் கம்பி அறுந்துவிடும். கையேட்டில் சொன்னபடி சிட்ரிக் ஆசிட் கரைசலை ஓடவிட்டுப் படிவை நீக்கினால் போதும், யாரும் செய்வதில்லை என்பதுதான் தொல்லை. படிவால் வந்த பழுதை வாரண்டியில் சேர்க்க மாட்டோம் என்று பல கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தை வாங்கும் முன்னரே படியுங்கள். சமைத்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நாற்றம், பூஞ்சை.

இடமும் பார்க்க வேண்டும். மேலே தொங்கும் சிப்போர்டு அலமாரிக்கு நேர் கீழே வைத்தால் ஆறு மாதத்தில் அடிப்பலகை ஊறி உப்பிவிடும், அலமாரியை மாற்றும் செலவு ஓவன் விலையைத் தாண்டிய வீடும் உண்டு. கதவைத் திறக்கும்போது முகத்தை நேராக நீட்டாதீர்கள், நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன் சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும், வெந்நீர்ப் புண்ணைவிட அது பொல்லாதது. பேரப்பிள்ளைகள் ஓடும் வீட்டில் எந்த உயரத்தில் வைக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

இத்தனையும் கேட்ட பிறகும் வேண்டுமென்றால், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறையிருந்தால் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்று நீங்களே கேட்கலாம், கடைக்காரர் பழுதுபார்ப்பதைத்தான் முதலில் தள்ளிவிடுவார், தேர்வு உங்களுடையது. இணையத்தில் வாங்கினால் பொருள் வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்கள் தலையில். அந்த ஏழு நாளில் முதல் நாளே, தண்ணீர் ஊற்றுவதற்கு முன், பெட்டியை வைக்கப் போகும் இடத்தில் வைத்து, பின்னால் சுவர் எவ்வளவு தள்ளியிருக்கிறது, கதவு முழுசாகத் திறக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.